மொட்டை போடாத தலை

குடியுரிமை விசாரணைக்குப் போகும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களைத் தயார்ப்படுத்துவதுதான் தொழிற்சங்கத்தில் அப்போது என் வேலை. எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. அன்றும் நுவரெலியாவில், விசாரணை அறை வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன். ராகலைப் பக்கத்துக் கணவனும் மனைவியும் உள்ளே இருந்தார்கள். இரண்டு பேரும் இந்த மலையில் பிறந்தவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் "ஒன்னுமில்லைங்க" என்று சொல்லப் பழக்கியிருந்தேன். அப்படியே சொன்னார்கள்.

அதிகாரியின் கண் அவள் இடுப்பிலிருந்த பிள்ளைமேல் விழுந்தது. முடி தோளில் புரண்டது. ஏன் வெட்டவில்லை என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"கொலசாமிக்கு நேந்துக்கிட்டதுங்க. ஊருக்குப் போயித்தான் மொட்டை போடணும்."

எந்த ஊர் என்றார். துறையூர்ப் பக்கம் என்றாள்.

இங்கே நிலைத்து வாழும் எண்ணமில்லை என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஒரு பிள்ளையின் மயிரைக் காட்டிக் குடும்பத்தையே நாடு கடத்துகிறான்களே என்று, அவர்களை ரயிலேற்றப் போன அன்றும் நானுஓயா மேடையில் அங்குமிங்கும் நடந்து திட்டித் தீர்த்தேன்.

அவள் ஜன்னலோரம் பிள்ளையின் முடியைக் கோதியபடி சொன்னாள்:

"மொட்டையப் போட்டுட்டு நம்ம தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பி வந்துரலாம்னுதாங்கய்யா நெனச்சிருந்தோம். அத யாருங்க கேட்டாங்க?"