ஏழு கிளாஸ் மழை

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றபோது கைப்பேசி சொன்னது: உங்கள் பகுதியில் மழை இல்லை. கோட்டைப் பாறைகள் கறுத்துக் கிடந்தன. மழை வரைபடத்தை நகர்த்திப் பக்கமலைத் தொடரைப் பார்த்தேன். மலை, காடு, ஊர் எல்லாவற்றுக்கும் ஒரே நீலம். அந்த நீலத்தின் லட்சணம் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படியொரு நீலத்தைத் தீட்டியவள்தானே நான்.

ஓடைகளுக்குப் பாலம் கட்டும் திட்டமொன்றில் ஒப்பந்த வேலை. அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சி ஆபீசுக்குத் தினமும் பஸ். நைனா ஊரெல்லாம் "பொண்ணு ஆபீசர்" என்று சொல்லி வைத்திருந்தார். ஆபீசர் செய்தது கட்டம் நிரப்புவது. செஞ்சி மழையையும் அவலூர்பேட்டை மழையையும் கூட்டிப் பாதியாக்கினால் மலைக்கு மழை. மலை இரண்டு ஊருக்கும் நடுவில்கூட இல்லை என்பதெல்லாம் யாருக்கும் உறுத்தவில்லை.

எங்கள் பொறியாளருக்கு அந்தப் பக்கம் பிடித்தது ஒரு பரோட்டாக் கடை மட்டும். கார்க் கண்ணாடியை இறக்காமலே மலைச்சரிவை அளந்துவிடுவார். மேலே ஒரு மழைமானி வைக்க வேண்டும் என்று விதி இருந்ததால் வைத்தார்கள். பார்த்துச் சொல்ல முனியம்மாவைப் பிடித்தோம். அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர், எப்படியும் தினமும் ஏறுகிறவர். சேர்ந்த தண்ணீரை அளவு கிளாஸில் ஊற்றி, எத்தனை கிளாஸ் என்று காலையில் எனக்கு போன் செய்வார். வெயில் காலத்திலும் தவறாது: "இன்னிக்கி ஒண்ணுமில்ல மா. எறும்புதான் கெடந்துது."

வெள்ளிக்கிழமைச் சந்தையில் நனைந்த ஆட்டு வாடை அடித்தால் எனக்கு ஓர் ஐப்பசிக் காலையில் வந்த அவர் போன்தான் நினைவுக்கு வரும்.

"ஏழு கிளாஸ் மா. ஏழாவதும் நெறஞ்சி வழிஞ்சிது. ஓடைய தாண்ட முடியல, வேர புடிச்சிகினு வந்தேன்."

செஞ்சியில் அன்று ஒரு கிளாஸ்கூட நிறையவில்லை. பொறியாளரிடம் போய்ச் சொன்னேன்.

"ஆடு மேய்க்கறது சொல்றத எல்லாம் ரிப்போர்ட்ல போடுவியா? மலைக்குன்னு தனியா வானம் இருக்குதா இன்னா? சராசரி போடு."

போட்டேன். மேகத்தை மலை எப்படி மறிக்கிறது என்று கல்லூரியில் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள், வாயைத் திறக்காமல் போட்டேன்.

அந்த எண்ணை நம்பி இரண்டே குழாய் வைத்துப் பாலம் கட்டினார்கள். மறு வருஷம் அதே மாதிரி மழை. குழாய்கள் அடைத்துக்கொள்ள, தண்ணீர் பின்னால் ஏறி முனியம்மாவின் பட்டிக்குள் புகுந்தது. கட்டியிருந்த ஆடுகளில் பாதிக்கு மேல் போயின. பொறியாளர் புது ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு முதல் தடவையாக அந்த மண்ணில் இறங்கினார். 'எதிர்பாராத கனமழை' என்று எழுதினார். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும்.

மூன்றாம் நாள் முனியம்மா ஆபீசுக்கு வந்தார். முந்தானையில் சுற்றி வைத்திருந்த அளவு கிளாஸை என் மேசைமேல் வைத்தார்.

"ஏழு கிளாஸுன்னு சொன்னனே மா. எழுதினியா?"

"எழுதினேன்."

"அப்பறம் ஏன் பாலத்த அவ்ளோண்டு கட்னாங்க?"

பொறியாளரின் அறையைக் கண்ணால் காட்டினேன். என் கோழைத்தனத்தையும் அந்த ஆள் தலையிலேயே கட்டப் பார்த்தேன். முனியம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்ச பொண்ணுன்னு நெனச்சேன் மா" என்றார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. பொறியாளர் பதவி உயர்வில் வேறு மாவட்டம் போனார். ஆபீஸ் இருந்த இடத்தில் பைக் ஷோரூம். மழைமானியை யாரோ பெயர்த்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். மிச்ச ஆடுகளை விற்றுவிட்டு முனியம்மா மகளோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதாகக் கேள்வி. அவர் பின்னால் இன்னும் நாலு வீட்டுக்காரர்களும் ஊரைவிட்டுப் போனார்களாம்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். புதுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். நல்ல உயரம், நல்ல அகலம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைத் தாண்டிப் போகத்தான் அந்தக் கரையில் ஆளில்லை.