பின்சீற்றில் எமில்டா

யேசுரட்ணம் வேலை முடிந்து வருகிறான் என்பதை லண்டன் கிங்ஸ்பரியில் நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்து அறிந்ததில்லை. வெம்பிளிப் பக்கம் அவன் மோட்டார் சைக்கிளின் கியரை மாற்றும்போதே எங்கள் தெருவில் தேநீர்க் கோப்பைகள் தட்டோடு பேசத் தொடங்கிவிடும். அடுத்த வீட்டு ஐரிஷ்காரக் கிழவர் காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைப்பார். கழற்றியும் கேட்கிறது என்று பிறகு முறைப்பாடு சொல்வார். அந்தச் சைலன்சரில் இருந்த ஓட்டைக்குள் ஒரு குருவி கூடு கட்டியதென்றும், முட்டை பொரிக்க முதலே செவிடாகிப் பறந்துவிட்டதென்றும் ஒரு கதை தெருவில் உலாவியது. அதைக் கட்டிவிட்டது நான்தான். மற்றதெல்லாம் உண்மை.

"சைலன்சரை மாத்தன்ராப்பா" என்று அவனுடைய சிநேகிதன் கிறிஸ்துராஜா வருஷக்கணக்காகச் சொல்லிவந்தான். கிறிஸ்துராஜா மினிகாப் என்னும் வாடகைக் கார் ஓட்டுபவன். மோட்டார் சைக்கிள்காரர் எல்லாரையும் பாதிச் செத்தவர்களாகவே பார்ப்பவன்.

"சத்தம் கேட்டால்தான் வான்காரன் விலத்துவான்" என்பான் யேசுரட்ணம். "எனக்கு அது ஹோர்ன் மாதிரி."

குருநகரில் பிறந்தவன் யேசுரட்ணம். எண்பத்து நாலில் லண்டன் வந்து, பெற்றோல் ஸ்டேஷனில் கொஞ்சக்காலம் நின்று, பிறகு கூரியர் வேலைக்குப் போனான். சட்டத்தரணிகளின் கடதாசிக் கட்டுகள், விளம்பரக் கம்பெனிகளின் படச்சுருள்கள், யாரோ மறந்துவிட்டுப் போன பொய்ப்பற்கள் எல்லாம் அவனுடைய முதுகுப் பையில் நகரத்தைச் சுற்றின. ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு ஐஸ்பெட்டியில் ஒரு மனிதக் கண்ணைக் கொண்டுபோனானாம். "வழி முழுக்க அது என்னைப் பாத்துக்கொண்டு வந்தது அன்ரி" என்றான். நானும் நம்பினேன். நம்பினால்தான் அடுத்த கதை வரும்.

அவனுக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது: கேக்கேல்லை. கூரியர் கந்தோரிலிருந்து வானொலியில், "குரோய்டனுக்கு ஒரு பார்சல் இருக்கிறது" என்பார்கள். அவனுக்குக் கேட்காது. வீட்டில் அக்கா டொலறஸ் குப்பையை வெளியே வைக்கச் சொல்வாள். அதுவும் கேட்காது. தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். காதில் விழவில்லை என்பது ஒன்று. விசாரித்து அறியவில்லை என்பது மற்றது. யேசுரட்ணம் முதல் பொருளை மட்டுமே தேய்த்துப் பழசாக்கினான். இரண்டாவது பொருள் எமில்டாவிடம் புதுசாகவே இருந்தது, அலுமாரியில் வைத்த கலியாணச் சேலை போல.

எமில்டா அவன் மனைவி. இளவாலைக் கன்னியர் மடத்தில் படித்தவள். எண்பத்தெட்டில் வந்து கலியாணம் செய்து, டொலறஸின் வீட்டு மேலறையில் குடிபுகுந்தாள். அந்த வீட்டில் டொலறஸ், அவளுடைய புருஷன், பிள்ளைகள், வாடகைக்கு இருந்த இரண்டு பொடியன்கள், இத்தனை பேருக்கும் ஒரு குளியலறை. டொலறஸ் கெட்டவள் அல்ல. வீட்டில் ஒரு கரண்டி விழுந்தாலும் அது எந்தக் கரண்டி என்று அறிந்துகொள்ளும் காதுடையவள், அவ்வளவுதான். அங்கே எமில்டாவின் வாயிலிருந்து வந்தவை மூன்றே சொற்கள்: ஓம், சரி, சாப்பிடுங்கோ. தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும் பெண்கள், "எமில்டாவைப் பாருங்கோ, வாய் இருக்கிறதே தெரியாது" என்று தங்கள் மருமக்களுக்குக் கேட்கும்படி சொல்வார்கள்.

வாய் இருந்தது. அது மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் இருந்தது.

முதல்நாள் சேலையோடு ஒரு பக்கமாகத்தான் ஏறி இருந்தாள். பொலிஸ்காரர் மறித்து, இந்த நாட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் இருக்கவேண்டும் என்று வகுப்பெடுத்தார். அடுத்த நாள் ஜீன்ஸ் வாங்கினாள். சவுத்தாலில், விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் பக்டரியில் அவளுக்கு வேலை. மாலையில் யேசுரட்ணம் போய் ஏற்றிவருவான். எஞ்சின் உறுமத் தொடங்கியதும் எமில்டா பேசத் தொடங்குவாள். அன்றைய நாள் முழுவதும் விழுங்கியதையெல்லாம் அவனுடைய முதுகுக்குச் சொல்வாள். டொலறஸைப் போலப் பேசிக் காட்டுவாள், சூப்பர்வைசரைத் திட்டுவாள், புருஷனையும் விடமாட்டாள். அந்தச் சைலன்சரின் புண்ணியத்தில் ஒரு சொல்லும் முன்னுக்குப் போகாது.

"அது எனக்குப் பாவசங்கீர்த்தனக் கூண்டு மாதிரி அன்ரி" என்று ஒருநாள் எனக்குச் சொன்னாள். "ஆனால் பாவத்தைக் கேக்கிறதுக்கு உள்ளுக்குச் சுவாமியார் இல்லை."

"சிவப்பு லைற் வந்தால்?"

"வாயை மூடிப்போடுவன். பச்சைக்கு, விட்ட இடத்திலையிருந்து."

"அவனுக்கு ஒண்டும் விளங்காதோ?"

"ஒருக்கால் இறங்கினாப்போலை கேட்டார், பின்னுக்கு இருந்து செபமாலை சொல்லுறீரோ எண்டு. ஓம் எண்டன்."

தொண்ணூறுகள் பிறந்ததும் கூரியர்காரருக்கு ஒரு சத்துரு வந்து சேர்ந்தது. அதன் பெயர் ஃபாக்ஸ் மெஷின். கடதாசி தானாகவே கம்பியில் ஓடத் தொடங்க, நகரத்துக்குள் ஓட்டம் குறைந்தது. மிஞ்சியது பிறிஸ்டல், லீட்ஸ் என்று தூர ஓட்டங்கள். அவை நம்பிப் போகக்கூடிய பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்கே கிடைத்தன. யேசுரட்ணத்தின் பழைய ஐந்நூறு சிசி, ஒக்ஸ்போர்ட்டைக் கண்டாலே இருமியது.

ஹங்கர் லேன் பக்கத்துக் கடையொன்றில் அவன் அதைக் கண்டான். ஸ்போர்ட் டூரர் என்ற இனம். ஓட்டப்பந்தயக்காரனின் நெஞ்சும் நெடுந்தூரப் பிரயாணியின் இடுப்பும் கொண்டது. முன்னுக்குக் காற்றை வெட்டும் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டிகள், பின்னால் சாய்மானத்தோடு அகலமான சீற். ஒரு வருஷம் மட்டுமே ஓடியது. ஒரு மாதமாக அவன் அந்தக் கடை வாசலில் நின்ற நிலையைப் பார்த்தால், வாங்க வந்தவனா வழிபட வந்தவனா என்று சந்தேகம் வரும்.

கிறிஸ்துராஜாவைக் கேட்டான். "கார் வாங்கு. மழை வந்தால் கண்ணாடியைப் பூட்டலாம்."

சுவாமியாரைக் கேட்டான். "மகனே, ஆண்டவர் கழுதையிலதான் போனார்."

"அந்தக் காலத்திலை அதுதான், சுவாமி, டூரிங் மொடல்."

அக்காவைக் கேட்டான். டொலறஸ் நெடுநேரம் யோசித்து, நிறத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொன்னாள். என்னையும் கேட்டான். வாங்கினால் தெருவுக்குக் கோப்பைகள் மிஞ்சும் என்றேன். எமில்டாவை மட்டும் அவன் கேட்கவில்லை. இத்தனை கேள்வியும் நடக்கும்போது அவள் தேநீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, ஓடிப்பார்க்க இருவரும் போனார்கள். கடைக்காரன் காதில் வளையம் போட்ட வெள்ளைக்காரன். "இதில் போனால் உன் மனைவி மூச்சு விடுவதும் உனக்குக் கேட்கும்" என்று யேசுரட்ணத்தின் தோளில் தட்டினான். எமில்டா அப்போது ஹெல்மெட்டின் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வசனம் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

வண்டி நகர்ந்தபோதுதான் எஞ்சின் வேலை செய்கிறது என்பதே அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் வாய்க்கு ஒரு பழக்கம் இருக்கிறது. வெஸ்டர்ன் அவெனியுவில் ஏறி வேகம் பிடித்ததும் அது தானாகத் திறந்தது.

"வாங்கத்தான் போறார். ஊர் முழுக்கக் கேட்டாச்சு. கிறிஸ்துராஜாவைக் கேட்டார், சுவாமியைக் கேட்டார், தமக்கையாரைக் கேட்டார். 'தம்பி, கறுப்பு வேண்டாமடா, சிவப்பெண்டால் வீட்டுக்கு வடிவு.' ஏன், சாமியறைக்குள்ளையோ விடப்போறியள்? இதிலை இருக்கப்போறது ஆர்? நான். என்னைக் கேக்கேல்லை. லண்டனுக்கு வரேக்கையும் கேக்கேல்லை. எங்கடை ஐயா போட்டோவை அனுப்பினார், மச்சாள் ரிக்கெற்றை அனுப்பினா, பெட்டியை ஆரோ அடுக்கிச்சினம். மாப்பிள்ளை பிடிச்சிருக்கோ எண்டு அந்தப் பெட்டியைக் கேட்டிருப்பினம். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"கேக்குது" என்றான் யேசுரட்ணம்.

தன் காதில் விழுகிறது என்பதைத்தான் சொன்னான். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தச் சொல்லை எதிர்மறை இல்லாமல் பாவித்திருந்தான். அவன் இடுப்பைப் பிடித்திருந்த கைகள் விடுபட்டுச் சீற்றின் கம்பிக்குப் போயின. அடுத்த ஒதுக்கிடத்தில் வண்டியை நிறுத்தினான். லொறிகள் அவர்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

"எவ்வளவு காலமா இது?"

"எது?"

"செபமாலை."

"கட்டின நாளிலையிருந்து."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா மாதிரி இன்னொருக்காச் சொல்லும் பாப்பம்."

"சிரிக்காதேங்கோ. எனக்கு இந்த மோட்டச்சைக்கிள் வேண்டாம்."

"ஏன், சீற் வசதி இல்லையோ?"

"சீற் சிங்காசனம் மாதிரிக் கிடக்கு. உங்களுக்குக் கேக்குது. அதுதான் வேண்டாம்."

"கேட்டால் நல்லதுதானே?"

"உங்களுக்கு நல்லது. நான் எங்கை போய்க் கதைக்கிறது? வீட்டிலை சுவரிலையும் உங்கடை அக்காவின்ரை காதுதான் முளைச்சிருக்கு. எனக்கெண்டு இருந்தது அந்த ஓட்டைச் சைலன்சர் ஒண்டுதான்."

யேசுரட்ணம் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெற்றோல் தாங்கிமேல் வைத்தான். "அப்ப, மாப்பிள்ளை பிடிச்சிருக்கோ?"

"இப்பவோ கேக்கிறியள்?"

"கேக்கிறன்."

"ஒரு மோட்டச்சைக்கிளுக்கு நீங்கள் ஒரு மாதம் யோசிச்சனீங்கள். எனக்கும் கொஞ்சம் தவணை தாங்கோ."

கடைக்குத் திரும்பியதும், மனைவியைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றான் யேசுரட்ணம். "அவதான் உன்ரை பின்னாலே இருக்கிறாவே" என்ற பொருளில் கடைக்காரன் ஏதோ முணுமுணுத்தான்.

அதற்குப் பிறகு வந்த வாரம் நன்றாக இருக்கவில்லை. பழைய வண்டியிலும் எமில்டா பேசவில்லை. அவன் கேட்க முயல்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் கியரைக் குறைத்து, உருட்டாத குறையாக ஓட்டி, தலையைப் பின்னுக்குச் சரித்துப் பார்த்தான். ஒரு கிழவியின் சைக்கிள் அவர்களை முந்திக்கொண்டு போனது. பின்சீற்றிலிருந்து சுவாசம்கூட வரவில்லை. சவுத்தாலிலிருந்து கிங்ஸ்பரி வரை ஒரு மூட்டை அரிசியை ஏற்றிவருவது போல இருந்தது என்றான் என்னிடம். எல்லா ஓசையையும் கேட்காமல் விட்டே காலத்தை ஓட்டியவனுக்கு, ஒன்று கேட்காமல் போனதும் பயம் பிடித்துக்கொண்டது.

"வேண்டாமெண்டு சொல்லிவிடட்டோ அன்ரி?" என்று கேட்டான். "தூர ஓட்டம் போனால் போகட்டும். பழசோடையே இருக்கிறன். ஆனால் அதிலையும் கதைக்கிறாள் இல்லையே."

என்னிடம் கேட்டுப் பயனில்லை, கேட்கவேண்டிய ஆளிடம் கேள் என்று அனுப்பிவைத்தேன். ஆனால் அவன் கேட்பதற்கு முதலே அவளே முடிவோடு வந்தாள்.

"வாங்குங்கோ" என்றாள். "உங்களுக்கு வேலைக்குத் தேவை. எனக்கும் சாய்ஞ்சிருந்தால் நாரி முதுகு நோகாது. ஆனால் ஒரு நிபந்தனை."

பையிலிருந்து கோழிக்குஞ்சு மஞ்சளில் இரண்டு சின்ன உருளைகளை எடுத்தாள். பக்டரியில் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கொடுக்கும் பஞ்சு அடைப்பான்கள். விரலால் உருட்டி மெலியவைத்துக் காதுக்குள் விட்டால், உள்ளே போய் விரிந்துகொள்ளும்.

"இது போட்டால்தான் நான் ஏறுவன்."

"அப்ப நான் ஒண்டும் கேக்கக்கூடாதோ?"

"நான் கேக்கச் சொல்லேக்கை கேளுங்கோ."

அவன் தலையைக் குனிந்து கொடுத்தான்.

அடுத்த வாரம் எங்கள் தெரு ஊமையாகிவிட்டது. யேசுரட்ணம் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியவில்லை. ஐரிஷ்காரக் கிழவர் கருவியைக் கழற்றாமலே தேநீர் குடித்தார். புறப்படுமுன் வாசலில் நின்று எமில்டா ஏதோ உருட்டி அவனுடைய காதுக்குள் வைப்பதை டொலறஸ் ஜன்னலால் பார்த்திருக்கிறாள். "தம்பிக்குக் காதிலை ஏதும் வருத்தமோ?" என்று கேட்டாள். எமில்டா "ஓம்" என்றாள்.

பிறிஸ்டல் ஓட்டம் கிடைத்தது, லீட்ஸ் கிடைத்தது. மாலையில் சவுத்தால் பக்டரி வாசலில் அவன் வண்டியை நிறுத்தித் தலையைச் சரித்துக் காத்திருப்பான். அவள் வந்து இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று வைப்பாள். பிறகு ஏறி, அவனுக்குக் கேட்காத எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வருவாள். முன்னுக்கு இருப்பவன் அவளுடைய தாடை தன் தோளில் அசைவதை மட்டும் உணர்வானாம். அந்த அசைவைக்கொண்டு, அது சூப்பர்வைசரா அக்காவா என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டதாகப் பெருமையடித்தான். இதை நான் பாதிதான் நம்பினேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, எமில்டா இடது காதுக்கு ஒன்றை வைத்தாள். மற்றதை விரலில் கொஞ்சநேரம் உருட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் தன் ஜக்கெற் பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தாள்.

"மற்றக் காதுக்கு?" என்றான் அவன்.

"இண்டைக்கு வேண்டாம். ஆறுதலா, மெள்ள ஓடுங்கோ."