காயட்டும், அப்புறம் பாருங்க

டப்பா மூடியின் மேல் பெருவிரலால் ஒரு பொட்டு பெயின்ட்டை வைத்து, கன்னம் உப்ப மூன்று தடவை ஊதுகிறார் மாமா. எதிரே நிற்கும் வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு, குடுங்க சார், வெளியில வண்டி நிக்குது" என்று பறக்கிறார். மாமா மூடியை மார்போடு அணைத்துக்கொள்கிறார். "காயட்டும், அப்புறம் பாருங்க. ஈரத்துல எல்லாக் கலரும் பொய் சொல்லும்."

முப்பத்திரண்டு வருடமாக இதே பெயின்ட் கடை, இதே ஊதல். நிறம் கலக்க மெஷின் வந்துவிட்டது. காய வைக்க முதலாளி ஒரு குட்டி விசிறியும் வாங்கிக் கொடுத்தார். அது இன்னும் அட்டைப் பெட்டியை விட்டு இறங்கவில்லை. கடைத்தெருவில் அவருக்கு 'ஊதல்காரர்' என்று பெயர். அவர் காதில் விழாமல்தான் சொல்கிறோம் என்று நாங்களும், விழாத மாதிரியே அவரும் பல வருடங்களாக நடித்து வருகிறோம். என் அம்மாவின் ஒரே தம்பி அவர்.

பழைய சுவரிலிருந்து உதிர்ந்த சில்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "இதே கலர் வேணும்" என்று வருகிறவர்கள்தான் அவருக்கு உயிர். மெஷினிடம் காட்டினால் அரை நிமிடத்தில் கணக்குச் சொல்லும். மாமாவோ முதலில் விசாரணையை ஆரம்பிப்பார். எந்த அறை? ஜன்னல் எந்தப் பக்கம்? அங்கே யார் படுப்பாங்க? பெயின்ட் வாங்க வந்தவர் பத்து நிமிடத்தில் தன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். போகும்போது சில்லை மாமாவிடமே விட்டுவிட்டுப் போவார்.

அந்தச் சில்லுகளெல்லாம் மாமா ஞாபகங்களை ஒட்டி வைக்கும் நோட்டுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசை மாமாவுடையது. மாமி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். காலாவதியான ஷேட் கார்டு புத்தகங்களின் தடித்த அட்டைகள்தான் நோட்டு. அதில் முதலில் வெள்ளை பூசுவார். அதன்மேல் கிழித்த காகிதம், துணி, பஸ் டிக்கெட், உப்புத்தாள் என்று கையில் கிடைத்ததைப் பசை போட்டு ஒட்டுவார். பிறகு தண்ணீராகக் கரைத்த பெயின்ட்டை மேலே ஓடவிட்டு, கந்தலால் ஒற்றி எடுப்பார். பாதி எழுத்து மறையும், பாதி தெரியும். "முழுசாத் தெரிஞ்சா அது ஃபைலு. பாதி தெரிஞ்சாத்தான் ஞாபகம்" என்பார். ஒருமுறை ஈரம் காயுமுன் மூடிவிட்டதில் அவருடைய கல்யாணப் பக்கமும் அவர் படித்த பள்ளிக்கூடப் பக்கமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. "ரெண்டும் ஒரே மாதிரிதான், விடுங்க" என்றார் மாமி.

எங்கள் வீட்டில் அந்த நோட்டுக்குக் 'குப்பைப் புத்தகம்' என்று பெயர். அப்படிப் பேர் வைத்தது நான்தான். நான் பிறந்த அன்றைக்கு ஒரு பக்கம் இருக்கிறது: கொஞ்சம் பஞ்சு, ஆஸ்பத்திரி வாசல் மழையின் சாம்பல் நிறம், என் உள்ளங்கால் அளவுக்கு வெட்டிய ஒரு ரோஜா நிறத் துணி. அதைப் பார்த்த பிறகும் பேரை மாற்றவில்லை, வாய் பழகிவிட்டது.

ஒரு பக்கம் மட்டும் முடியாமல் கிடந்தது. அம்மாவும் மாமாவும் பிறந்து வளர்ந்த ஒற்றை அறை அது. தாத்தாவின் சட்டைப்பைத் துணி, டிரங்குப் பெட்டிக்குள் விரித்திருந்த காகிதம், பாட்டி கைப்பட எழுதிய சலவைத் துணிப் பட்டியல், கறுப்பு நாடாவைக் கீறி ஒட்டிய ஜன்னல் கம்பிகள் எல்லாம் இருந்தன. சுவர் மட்டும் வெறும் வெள்ளை.

கலர் வாங்க வசதியில்லாத தாத்தா, துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பு வாளியில் கொட்டிக் கலக்கி, அந்த அறைக்குத் தானே அடித்தாராம். எவ்வளவு கொட்டினோம் என்பது அவருக்கே தெரியாது. அதனால் எந்த ஷேட் கார்டிலும் அந்த நிறம் கிடையாது. கட்டடத்தை இடித்து இருபது வருடமாகிறது, மிச்சமிருக்கும் ஒரே போட்டோ கறுப்பு வெள்ளை. அந்தச் சுவரைப் பார்த்த கண்கள் இப்போது இரண்டே ஜோடி.

போன வருடம் மாமா ஒரு நிறத்தைக் கலந்து, துண்டு அட்டையில் பூசி எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா அதை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இதுவாடா? பாசி புடிச்ச மாதிரி இருக்கு. நம்ம சுவரு பளிச்சுன்னு இருக்கும்."

"நான்தானே அக்கா சுவத்தோரம் படுப்பேன்? மூக்கு சுவத்துல இடிக்கும்."

"மூக்குக்கு என்ன கண்ணா இருக்கு? நீ அப்ப நாலு வயசுப் பொடிப்பய. எனக்கு ஒம்போது."

மாமா அதற்குக் கட்டுப்பட்டார். அக்காவுக்கு ஒன்பது வயது, அக்கா சொன்னால் சரி. வாரம் தவறாமல் ஒரு அட்டையோடு வந்தார். ஒவ்வொரு தடவையும் நீலத்தைக் கூட்டினார், ஒவ்வொரு தடவையும் அம்மா உதட்டைப் பிதுக்கினாள். தள்ளுபடியான அட்டைகளை எதிர்ப்பக்கத்தில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் 'அக்கா: இல்ல' என்று எழுதி வைத்தார். பதினான்கு சேர்ந்தன.

பதினைந்தாவது வருவதற்குள் அம்மாவுக்குக் கண் மங்கியது. இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்றார் டாக்டர். இடது கண்ணில் நரம்பும் போய்விட்டதாம். வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும், ஆனால் சர்க்கரை இருப்பதால் பார்வைக்கு உத்தரவாதம் கிடையாது. அன்று மாலையே மாமா ஐந்து அட்டைகளோடு வந்து நின்றார். "ஆபரேஷனுக்கு முந்தி ஒரே ஒரு தடவை பாத்துச் சொல்லிடு அக்கா."

எனக்கு வந்ததே கோபம்! "மாமா, அவங்களுக்குக் கண்ணு போயிடுமோன்னு நாங்க கிடந்து தவிக்கிறோம். உங்களுக்குக் குப்பைப் புத்தகமா முக்கியம்?"

அவர் அட்டைகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். "அவளும் பாக்க முடியாமப் போயிட்டா, அப்படி ஒரு ரூம் இருந்துச்சுன்னு எனக்கு யாரும்மா சொல்லுவாங்க?"

நான் விளக்கைப் போட்டு, அட்டைகளை வாங்கி அம்மா கையில் கொடுத்தேன். அம்மா ஐந்தையும் பார்த்தாள். "எல்லாமே அழுக்கா இருக்குடா" என்றாள். இந்த முறை திட்டவில்லை, அவள் குரலே இறங்கிப்போயிருந்தது. எதிர்ப்பக்கத்தில் அட்டை பத்தொன்பது ஆனது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் அம்மா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். "ஏண்டி, ஆஸ்பத்திரிச் சுவருக்கு ராத்திரியோட ராத்திரியா வெள்ளையடிச்சுட்டாங்களா?" டாக்டர் சிரித்துவிட்டார். "புரைங்கிறது மஞ்சக் கண்ணாடி மாதிரிம்மா. அது வழியா எதைப் பாத்தாலும் அழுக்காத்தான் தெரியும். அதுலயும் நீலம்தான் ரொம்ப அடிபடும்."

மாமாவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். டாக்டர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "ஞாயித்துக்கிழமை நோட்டை எடுத்துட்டு வரேன்" என்றார்.

வந்தார். மேசையில் விரித்தார். அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடைசி அட்டையிலிருந்து ஆரம்பித்தாள். "என்னடா இது, இங்க்கைக் கொட்டின மாதிரி?" அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று விரல் பின்னாலேயே போனது. மாமா மூச்சுவிடாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது முதல் வரிசையின் முதல் அட்டையில் போய் நின்றது, அங்கேயே நின்றது.

"இதுதான்டா. ஐயோ, இதேதான்!" என்றாள் அம்மா. பிறகு கீழே இருந்ததைப் படித்தாள். அக்கா: இல்ல. "இதையா வேண்டாம்னேன்? நாலு வயசுப் பயலுக்கு எப்படிடா இவ்வளவு ஞாபகம்?"

'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் யாருக்குக் கிடைக்கும்? மாமா சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார், மூடியைச் சுற்றி நாடா ஒட்டியிருந்தது. மற்றக் கலவைகளையெல்லாம் கொட்டியவர், அந்த முதல் கலவையை மட்டும் கொட்டவில்லை என்பது மாமிக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பட்டைப் பிரஷ்ஷால் ஜன்னலைச் சுற்றி இழுத்தார். டிரங்குப் பெட்டிக்கு மேலே, சட்டைப்பைக்குப் பக்கத்தில், சலவைப் பட்டியலின் ஓரம்வரை. அந்தச் சுவரோரத்தில் நாலு பேர் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள் என்று எனக்கே தோன்றிவிட்டது.

"கொஞ்சம் வெளுப்பா இருக்கோ?" என்றாள் அம்மா.

"காயட்டும் அக்கா, அப்புறம் பாரு." கன்னத்தை உப்பினார் மாமா. உதடு நடுங்கியதே தவிர, ஊதல் வரவில்லை. மறுபடி உப்பினார், வரவில்லை.

இரண்டு வாரத்துக்குக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா நோட்டை இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கன்னம் உப்ப மூன்று தடவை ஊதினாள்.