ஸ்பீக்கர் வாய் திறந்த நாள்

பேருந்து நிலையத்தில் அவனை எல்லோரும் ‘ஸ்பீக்கர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று மைக்கில் சொல்வது அவன் வேலை. கணீரென்ற குரல். உறங்குகிற பயணியும் அந்தக் குரலுக்கு வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்து ஓடுவார். வீட்டில் மட்டும் ஆள் பெட்டிப் பாம்பு.

அதிலும் அக்கா என்றால் மூச்சுவிட மாட்டான். தாய்க்குத் தாயாக இருந்து அவனை வளர்த்தவள் அவள். தம்பிக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லையே என்பது அவளுடைய தீராத மனக்குறை. போனில் எதைத் தொடங்கினாலும் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்பாள். “அவள நல்ல டாக்டராப் பாத்துக் காட்டுடா.”

காட்டியாயிற்று. மனைவியிடம் ஒரு கோளாறும் இல்லை. இவனுடைய உயிரணுக்கள்தான் எண்ணிக்கையில் குறைவு, இருப்பவையும் சோம்பேறிகள். “நகரவே மாட்டேங்குது” என்று டாக்டர் சொன்னபோது, “இவங்க ஸ்டாண்டு பஸ்ஸு மாதிரியே” என்று மனைவி முணுமுணுக்க, டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெளியே வந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்: “அக்காவுக்குத் தெரிய வேண்டாமே.” சரியென்றாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களைப் பேசியே சமாளிப்பவள், அன்றிலிருந்து அக்காவின் குத்தலுக்கு மட்டும் பதில் பேசவில்லை.

குறை அவனுடையது, ஊசி அவளுக்கு. முட்டை நன்றாக வளர வயிற்றில் தினமும் குத்த வேண்டும். அவன்தான் போட்டுவிடுவான், கண்ணை மூடிக்கொண்டு. “கண்ணத் திறங்க, மெத்தையில குத்திடப் போறீங்க” என்பாள். முட்டையை எடுத்து, ஓர் அணுவை அதற்குள் செலுத்தி, கருவாக்கி உள்ளே வைத்தார்கள். தங்கவில்லை. பார்க்க வந்த அக்கா, “சில பேரு உடம்பு வாகு அப்படி” என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள்.

இரண்டாம் முறை சிகிச்சை தொடங்கும் நாள். காலையில் தலை சீவிக்கொண்டே மனைவி சொன்னாள்: “ஊசி வலியத் தாங்கிடுவேன். பழியையும் சேத்துச் சுமக்க என்னால ஆகல. ஆஸ்பத்திரி போக சாயந்தரம் நான் ஸ்டாண்டுக்கு வர்றதுக்குள்ள உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க. இல்லன்னா அப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவேன். ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பான். சிரித்த முகமாகச் சொன்னவளை எப்படிச் சமாதானம் செய்வது?

அன்றெல்லாம் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். அறிவிப்பு அறையில் ஒரு மேஜை, அதன் மேல் கழுத்து வளைந்த மைக், அதன் அடியில் ஒரு பொத்தான். அமுக்கிப் பிடித்தால்தான் பேசுவது வெளியே கேட்கும். பல வருஷப் பழக்கத்தில், அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாயெடுத்தாலே இடது கை தானாக அதன் மேல் போய்விடும். ஒருமுறை அவன் தும்மியதைக்கூட நிலையமே கேட்டுச் சிரித்திருக்கிறது.

வேலை முடிகிற நேரத்தில் அக்காவே கூப்பிட்டாள்.

“என்னடா, மறுபடியும் அந்த ஆஸ்பத்திரியா? அவளுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சும்…”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அக்கா, கவனமாக் கேளு. அவகிட்ட ஒரு குறையும் இல்ல. குறை எங்கிட்டதான். என் அணுவுக்குத்தான் தெம்பு பத்தல. சொல்ல வேணாம்னு அவ வாயக் கட்டுனதும் நான்தான். இனிமே அவள ஒரு சொல்லு சொல்லாத.”

மறுமுனையில் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு, “ஏன்டா, உன் குரல் ரெண்டு ரெண்டாக் கேக்குது?”

அவன் இடது கையைப் பார்த்தான். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். நிலையமே ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான். “எல்லாருக்கும் கேட்டுடுச்சுக்கா.”

“கேக்கட்டும்டா.” அக்காவின் குரல் உடைந்திருந்தது. “என்னென்ன பேசிட்டேன். அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை திருப்பிப் பேசலயே. அவ வந்ததும் போனக் குடு.”

தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தவனை ஒரு கண்டக்டர் மறித்தார். கிண்டல்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அவரோ காதருகே குனிந்து, “எந்த டாக்டருப்பா? என் மச்சானுக்குக் கேக்கறேன்” என்றார். டீக்கடைக்காரரும் நைசாக ஒட்டி நின்றார்: “எனக்கும் ஒரு மச்சான் இருக்கான்.” மேடையைக் கடப்பதற்குள் இன்னும் இரண்டு மச்சான்கள் சேர்ந்துவிட்டார்கள்.

மனைவி முன்னாலேயே வந்துவிட்டிருந்தாள். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்றிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. கடைசி வரி மட்டும் கரகரன்னு இருந்துச்சு. இன்னொரு தடவை சொல்லுங்க.”

“அவள இனிமே ஒரு சொல்லு சொல்லாதன்னேன்.”

“ம், இப்ப சுத்தமாக் கேக்குது.”

ஆஸ்பத்திரி வழியாகப் போகும் வண்டி அன்று அறிவிப்பில்லாமலே கிளம்பியது. அறிவிக்க வேண்டியவன் ஊசி மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதில்தான் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மனைவி போனில், “அழாதீங்க அண்ணி, நான் ஒண்ணும் நெனச்சுக்கல… சரி, கொஞ்சம் நெனச்சேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் போனை வைத்ததும் அவன் சொன்னான்: “இன்னிக்கு ஊசிய கண்ணத் திறந்துக்கிட்டே போடறேன்.”

“பாப்போம், பாப்போம்” என்று நகர்ந்து அவன் மேல் சாய்ந்துகொண்டாள்.