ராமாயி கண்ட வானத்துப் புழுதி

கீழ்வேளூர்ப் பக்கம் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்த வருஷம் ராமாயி எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லை. ஊர்வலத்தில் முன்னால் நின்ற அம்மா கண்ணாத்தாளைப் போலீஸ் பிடித்துப்போனது. வேலைநிறுத்தம் முடிந்து நடவு தொடங்கியும் அவளை விடவில்லை. தம்பிக்குச் சோறு வேண்டுமே என்று ராமாயி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வயலில் இறங்கினாள்.

அம்மாவோடு நடவுக்குப் போகும் ஐந்து பெண்களில் ஒருத்தியான ரெங்கம்மாள் அவள் கையிலிருந்த நாற்றுமுடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒங்கம்மா ஜெயிலுக்குப் போனது எங்க கூலிக்குந்தான் புள்ள. அவ பங்கை நாங்க அஞ்சு பேரும் நட்டுடுறோம். நீ படிக்கப் போ."

கண்ணாத்தாள் திரும்பும்வரை, மூன்று மாதமும், கூலி நெல் வீடு தேடி வந்தது.

அப்புறம் அரசு விடுதி, உதவித்தொகை, திருச்சியில் கல்லூரி, பெங்களூரில் ஆராய்ச்சி. முதுமையடைந்த நட்சத்திரங்களைச் சுற்றியிருக்கும் புழுதிதான் ராமாயியின் பாடம். ஒளியை அந்தப் புழுதி மறைத்துவிடும். ரேடியோ அலையை மறைக்காது. பெரிய தட்டு ஆன்டெனாவைத் திருப்பி அந்த அலைக்காகக் காத்திருப்பாள். ஒரு நட்சத்திரம் மட்டும் இரண்டு வருஷமாகப் பிடிபடவேயில்லை. விட்டுவிடச் சொன்னார்கள். அவள் விடவில்லை. ஒரு மார்ச் மாத மத்தியானம், அலையைப் பதியும் காகிதத்தில் ஓடிய கோடு மெல்ல மேடு கட்டி எழுந்தது. மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் அழுதாள்.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர்களுக்கு முன்னால் அந்த ஐந்து பெண்களின் பெயர்கள் தமிழில் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"நட்சத்திரத்துக்கு வயசாவுமா?" என்றாள் ரெங்கம்மாள்.

"ஆவும் சின்னம்மா. வயசானா புழுதியா ஊதித் தள்ளும். அந்த மாதிரிப் புழுதி சேந்துதான் நம்ம பூமியே உண்டாச்சு. இந்த வயல் மண்ணும் அதுதான்."

ரெங்கம்மாள் காலடி மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"மண்ணு வானத்துலேருந்து வந்துச்சுன்னா, பண்ணையாருக்கு பட்டா போட்டுக் குடுத்தது யாரு?"

களமே சிரித்தது. கண்ணாத்தாள் சிரிக்கவில்லை. ஆய்வேட்டை வாங்கி, எழுத்துக்கூட்டி அந்த ஐந்து பெயர்களையும் உரக்கப் படித்தாள். படிக்கக் கற்றது சிறையில் என்று அப்போதுதான் மகளிடம் சொன்னாள்.