தனசேகரன் சார் கட்டிய கயிறு

வியாழக்கிழமை காலை, முதல் ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடிய, என் வீட்டில் குடியிருக்கும் கனகா பாதியில் திரும்பி வந்து, "ஆயா, தனசேகரன் சார் போயிட்டாராம். நெஞ்சு வலியாம்" என்றாள். "எந்த தனசேகரன்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த தனசேகரன் ஒருவர்தான். இருந்தும் கேட்டேன்.

வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்களை மலையேற அழைத்துப் போனவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இதை எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு எதுவும் மறப்பதில்லை. அவர் எனக்குச் செய்ததும் மறக்கவில்லை.

என் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண்கள்தான் முதலில் என்னை மலைக்குக் கூப்பிட்டார்கள். புளிசோறு கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு வேன் ஏறப் போனேன். சார் என் காலைப் பார்த்தார்.

"இந்தச் செருப்போட வேணாம் ஆயா. அடுத்த வாட்டி வாங்க."

"இன்னா சார் சொல்றீங்க? வெறுங்கால்ல நாத்து நட்டவ நானு!"

"வயல்ல சறுக்குனா சேறு தாங்கும். பாறையில சறுக்குனா இன்னா தாங்கும்?"

அத்தனை பேர் முன்னால்! என் புளிசோறு மட்டும் வேனில் போனது. மாலையில் காலிச் சட்டி வந்தது. மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் ஷூ வாங்கி, மொட்டை மாடிப் படியில் ஏறி இறங்கிப் பழகினேன்.

வியாழன் மாலைதோறும் டீக்கடை முன்னால் அவர் கூட்டம் போடுவார். வனத்துறை அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் வேன் பேசமாட்டார். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு விசில். "வழி தப்பினா நடக்காதீங்க. உக்காந்து மூணு தடவை ஊதுங்க" என்பார். மெதுவாக நடப்பவர்தான் முன்னால் நடக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அப்படியானால் யார்? நான்தான்! எனக்குப் பின்னால் இருபத்தைந்து பேர், என் கால் வேகத்துக்கு! உச்சியில் காற்று வந்து முகத்தில் மோதியதும் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது ஒன்றுதான் எனக்கு நினைவில்லை.

அடிவாரத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு நைலான் கயிறு கட்டுவார். ஏறும் முன் எல்லோரும் கழுத்தில் போடும் கம்பெனி அடையாள அட்டையை அதில் மாட்ட வேண்டும், இறங்கியதும் எடுத்துக்கொள்ள வேண்டும். கயிற்றில் அட்டை தொங்கினால் மலையில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு ஏது அட்டை? அட்டைப்பெட்டியைக் கிழித்து 'ஆயா' என்று எழுதிக் கொடுத்தார்.

என் மூன்றாவது மலையில்தான் அது நடந்தது. சார் கடைசியாக இறங்கி, தன் அட்டையையும் எடுத்துக்கொண்டார். கயிறு காலி. "ஏறுங்க, போலாம்" என்றார். நான் வேனுக்குள் பார்த்தேன்.

"சார், பச்சைத் துப்பட்டா எங்க?"

"கயிறு காலி ஆயா. எல்லாரும் வந்தாச்சு."

"கயிறு கெடக்கட்டும். திருநெல்வேலிக்காரப் பொண்ணு முத்துலட்சுமி எங்க?"

பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கனகாவின் கழுத்தில் இரண்டு அட்டைகள்! கம்பெனியில் தோழியின் அட்டையையும் சேர்த்து எடுத்து வைப்பது இவர்கள் பழக்கம். அதே பழக்கத்தில் எடுத்துவிட்டாள். "பின்னாடியே வர்றேன்னா சார்" என்று அழுதாள்.

சார் விசிலைக் கையில் எடுத்தார். மலைக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். மூன்று முறை ஊதினார். சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் ஏறி மறுபடி ஊதினார். மேலே எங்கிருந்தோ மூன்று விசில்! சத்தம் வந்த பக்கம் ஏறினோம். முத்துலட்சுமி ஒதுங்கப் போன இடத்தில் கால் பிசகி, அவர் சொல்லிக் கொடுத்தபடியே ஒரு பாறைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கத்திக் கத்திப் பாத்தேன் ஆச்சி, ஒருத்தருக்கும் கேக்கல. பொறவுதான் விசில் நெனப்பு வந்துச்சு" என்றாள்.

சார் யாரையும் திட்டவில்லை. வேன் முன்னால் நின்று, "அட்டையை எண்ணினேன், ஆளை எண்ணல. தப்பு என்னுது. இனிமே ஆயா முகம் பாத்துக் குடுத்தாதான் அட்டை" என்றார். செருப்புக்காக என்னை நிறுத்திவிட்ட அதே மனிதர், அத்தனை பேர் முன்னால்!

அவர் போன அன்றும் வியாழன்தான். மாலையில் யாரும் கூப்பிடாமலே எல்லோரும் டீக்கடைக்கு வந்துவிட்டோம். "இந்த வாரம் போறமா ஆச்சி?" என்றாள் முத்துலட்சுமி. "தண்ணி எவ்ளோ எடுக்கணும், சொல்லு" என்றேன். "ரெண்டு லிட்டர்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

சாரின் மனைவி அவருடைய அட்டையை என்னிடம் கொடுத்திருக்கிறார். ஞாயிறன்று கயிற்றில் முதலில் அதை மாட்டுவேன். இறங்கியதும் முகம் பார்த்து அவரவர் அட்டையைக் கொடுப்பேன். கடைசியில் ஒன்று தொங்கும். அதை யார் கேட்டாலும் தரமாட்டேன்.

உங்கள் சட்டப்படியே நீங்கள் மலையில்தான் இருக்கிறீர்கள் சார். மெதுவாகப் போய்க்கொண்டிருங்கள். அந்தச் செருப்பு விஷயத்தை நான் மேலே வந்து பேசிக்கொள்கிறேன்.