மீன்காரம்மா போட்ட கணக்கு

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தேன். புது நர்ஸ். கஞ்சி போட்ட உடுப்பின் விறைப்பு என் பேச்சிலும் இருந்தது. பொன்னேரியில் ஏறும் மீன்காரம்மா ஒருவர், கூடையை வாசலருகே வைத்துவிட்டு, விரல்களை மடக்கி மடக்கி அன்றைய வியாபாரத்தைக் கணக்குப் போடுவார். வெற்றிலைக் காவி ஏறிய பல், கறுத்துத் திரண்ட கை.

ஒருநாள், "இன்னா சம்பளம் நர்ஸம்மா?" என்று கேட்டார்.

பெருமையாகச் சொன்னேன். படிப்புக்காக அம்மாவின் நகைகள் சேட்டுக் கடையில் இருப்பதையும், மீட்க ஆறு வருஷமாகும் என்பதையும் கூடவே உளறிவிட்டேன்.

அவர் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வட்டி போவ, என் கூடையில நிக்கிற டப்புகூட உனுக்கு நிக்காது போலக்கீதே!"

பெட்டியே சிரித்தது. மறுநாள் வேறு பெட்டியில் ஏறி ஒளிந்துகொண்டேன். அங்கேயும் தேடி வந்துவிட்டார், தாவணி போட்ட மகளோடு.

"இவளயும் நர்ஸுக்குச் சேக்கணும். இன்னா எழுதிக் குடுக்கணும்?"

"நேத்து அப்படிச் சிரிச்சீங்களே! இவளுக்கும் கடனாயிடுமே?"

"ஆவட்டும். பொயல் வந்தா படகு போவாது, எங்க ஊட்ல அடுப்பு எரியாது. உனுக்கு அந்த மாசமும் சம்பளம் வருதில்ல?"

அந்தக் கணக்கு எனக்குத் தோன்றியதே இல்லை. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அதில் தகப்பனார் பெயருக்குத்தான் இடமிருந்தது. இன்று பென்ஷன் வாங்குகிற நான், அந்த அம்மாவின் பெயரைக் கடைசிவரை கேட்கவே இல்லை.